ஆலங்கொல்லை ஸ்கூலு, வாங்க

"ரயிலடி ஸ்கூலு... வாங்க."

வராந்தாவில் நின்ற பெரிய பிள்ளைகள் வாயருகே கையைக் குவித்துக்கொண்டு கத்தினார்கள். புங்கமரத்தடியில் நின்ற சின்னப் பிள்ளைகளில் ஒரு கூட்டம் 'ஓ' என்று கூவிக்கொண்டு ஓடியது. ஒருத்தன் செருப்பை விட்டுவிட்டு ஓடி, திரும்பி வந்து அதைக் கையில் எடுத்துக்கொண்டு மறுபடி ஓடினான்.

"ஆத்தங்கரை ஸ்கூலு... வாங்க."

இன்னொரு கூட்டம் ஓடியது.

பூர்ணிமா பையின் வாரை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். அடுத்தது நம்முடைய பள்ளியாக இருக்கும் என்று ஒவ்வொரு முறையும் நினைத்தாள். இருக்காது என்று அவளுக்கே தெரியும். தெரிந்தும் நினைத்தாள்.

விருத்தாசலத்தில் இருக்கிற அந்த உயர்நிலைப் பள்ளிக்கு ஒரு வழக்கம் உண்டு. ஐந்தாம் வகுப்புவரை வேறு வேறு சின்னப் பள்ளிகளில் படித்துவிட்டு ஆறாம் வகுப்புக்கு வருகிற பிள்ளைகள், முதல் நாள் தாங்களாக உள்ளே போகக் கூடாது. மரத்தடியில் நிற்க வேண்டும். அதே சின்னப் பள்ளியில் முன்பு படித்த அண்ணன்களும் அக்காக்களும் வராந்தாவில் நின்று, அந்தப் பள்ளியின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். கூப்பிட்டதும் ஓட வேண்டும். ஓடி வருகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பீங்கான் குருவி கிடைக்கும்.

உள்ளங்கைக்குள் அடங்குகிற குருவி. அதன் முதுகில் ஒரு துளை, வாலில் ஒரு துளை. முதுகில் தண்ணீர் ஊற்றி வாலில் ஊதினால் கிளுகிளுவென்று கூவும். ஊரில் பீங்கான் பொம்மை செய்கிற கம்பெனிகளுக்குக் குறைவில்லை. யாராவது ஒரு பிள்ளையின் அம்மாவோ மாமாவோ அங்கே வேலை பார்ப்பார்கள். அதனால் குருவிக்கும் குறைவில்லை.

ரயிலடிப் பள்ளிக்குச் சிவப்புக் குருவி. ஆத்தங்கரைக்கு நீலம். மாதா கோயிலுக்குப் பச்சை. மேட்டுத் தெருவுக்கு மஞ்சள். அதைப் பையில் கட்டிக்கொண்டால் வருஷம் முழுக்க அங்கேயே ஆடும். பையைப் பார்த்தாலே போதும், யாருக்கு யார் துணை என்று தெரிந்துவிடும்.

"மாதா கோயில் ஸ்கூலு... வாங்க."

"மேட்டுத் தெரு ஸ்கூலு... வாங்க."

அவ்வளவுதான். மரத்தடி காலி. பூர்ணிமா மட்டும் நின்றாள். இன்னும் யாராவது கூப்பிடுவார்களா என்று வராந்தாவைப் பார்த்தாள். எல்லோரும் முதுகைக் காட்டிக்கொண்டு குருவி பங்கிட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஆறாம் வகுப்பு ஆசிரியர் குருமூர்த்தி சார் கையில் சாவிக்கொத்தோடு வந்தார்.

"நீ ஏம்மா இங்கியே நிக்கிற? எந்த ஸ்கூலு?"

"ஆலங்கொல்லை சார்."

"அது எங்க இருக்குது?"

"இல்ல சார்."

"இல்லன்னா?"

"முன்ன இருந்துச்சு சார். இப்ப இல்ல."

சார் அவளைப் பார்த்தார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்கு அன்றைக்கு ஆயிரம் வேலை.

"சரி சரி. ஏதாவது ஒரு கூட்டத்தோட சேந்து உள்ள போயிடும்மா" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

ஆலங்கொல்லை, கம்மாபுரத்துக்கு அந்தப் பக்கம் இருந்த ஊர். நிலக்கரிச் சுரங்கத்துக்கு இடம் வேண்டும் என்று ஊரையே எடுத்துக்கொண்டார்கள். ஜனங்கள் ஆளுக்கொரு திக்காகப் போனார்கள். பூர்ணிமாவின் அப்பா தர்மராஜுக்கு விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் மூட்டை தூக்கும் வேலை கிடைத்தது. அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த இளமதி, நல்லூரில் மாமா வீட்டுக்குப் போய்விட்டாள். பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் இப்போது பனைமர உயரத்துக்கு மண் மேடு.

ஏதாவது ஒரு கூட்டத்தோடு என்று சார் சொன்னாரே. பக்கத்தில் இருந்தது மேட்டுத் தெருக் கூட்டம்தான். பூர்ணிமா மெல்லப் போய் அதன் வால்பக்கம் நின்றாள். எட்டாவது படிக்கிற கார்முகில், ஒரு பிளாஸ்டிக் கூடையிலிருந்து மஞ்சள் குருவிகளை எடுத்து எடுத்துக் கொடுத்தான். முகத்தைக்கூடப் பார்க்காமல் அவள் கையிலும் ஒன்றை வைத்தான்.

குருவி ஜில்லென்று இருந்தது. அவள் விரல்களை மூடிக்கொண்டாள். அந்த நிமிஷம் அவள் மேட்டுத் தெருப் பெண்ணாகவே ஆகிவிட்டாள்.

"அண்ணா, எனக்கு?" என்று ஒரு குரல் கேட்டது. பிரின்ஸ் என்கிற குட்டிப் பையன். உதடு பிதுங்க ஆரம்பித்திருந்தது.

கார்முகில் கூடையைக் கவிழ்த்துப் பார்த்தான். "நம்ம புள்ளைங்க எத்தினி பேரோ அத்தினி குருவிதான கொண்டாந்தோம். எப்பிடிடா ஒண்ணு கொறையும்?"

அவன் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தான். பூர்ணிமாவிடம் வந்ததும் நின்றான்.

"ஒன்னப் பாத்ததே இல்லியே. நீ நம்ம ஸ்கூலா?"

"ம்."

"நெசமா?"

"ம்."

"அப்பிடின்னா சொல்லு. நம்ம ஸ்கூல்ல தண்ணித் தொட்டி எந்தப் பக்கம் இருக்குது?"

பூர்ணிமா கண்ணை மூடினாள். தண்ணீர்த் தொட்டி உடனே தெரிந்தது. அதன்மேல் படிந்த பாசி தெரிந்தது. அதில் சங்கிலியால் கட்டிய டம்ளர் தெரிந்தது.

"எடது பக்கம்" என்றாள். "வேப்பமரத்துக்கிட்ட."

கூட்டமே விழுந்து விழுந்து சிரித்தது.

"நம்ம ஸ்கூல்ல தொட்டியே கெடையாது தாயி" என்றான் கார்முகில். "கொழாதான். குடு அந்தக் குருவிய."

அவள் கொடுத்தாள். கொடுக்கும்போது விரல்கள் சீக்கிரம் விரியவில்லை. பிரின்ஸ் அதைத் தன் சட்டையில் துடைத்துக்கொண்டான், அவள் கை பட்டதைத் துடைப்பதுபோல.

அன்று மதியத்துக்குள் அவளுக்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டது. தண்ணித்தொட்டி.

*

"பக்கத்து வூட்டுப் பொண்ணு சொல்லிச்சு, மொத நாளு குருவி குடுப்பாங்களாமே" என்றாள் அம்மா நீலாவதி, சாயங்காலம். "ஒனக்கு என்னா கலரு?"

பூர்ணிமா செருப்பின் வாரைக் கழற்றினாள். அதற்கு வெகு நேரம் எடுத்துக்கொண்டாள்.

"எங்களுக்கு நாளைக்கித் தராங்களாம்மா."

"ஸ்கூலு நல்லா இருக்குதா?"

"நல்லா இருக்குது."

"பசங்கல்லாம் பேசறாங்களா?"

"பேசறாங்கம்மா. பேசிக்கிட்டேதான் இருக்கறாங்க."

அது பொய் இல்லை. தண்ணித்தொட்டி வருது, வழிவிடு. தண்ணித்தொட்டி, ஒரு டம்ளர் தண்ணி குடு. தண்ணித்தொட்டி ரொம்பிடுச்சா. அந்த வாரத்தில் ஒருநாள் அவள் அழுதபோது, "தொட்டி ஒழுவுதுடா" என்று ஒருத்தன் சொன்னான். அதற்குச் சிரிப்பு இன்னும் பலமாக வந்தது. அதற்குப் பிறகு அவள் பள்ளியில் அழுவதில்லை என்று முடிவு செய்துகொண்டாள். முடிவு செய்துவிட்டால் அழுகை கேட்டுக்கொள்ளுமா என்ன? அவள் கழிவறைக்குப் போய் வந்தாள், அடிக்கடி.

சத்துணவு நேரத்தில் சிவப்புக் குருவிகள் ஒரு பக்கம் உட்காரும். நீலக் குருவிகள் ஒரு பக்கம். பச்சையும் மஞ்சளும் படிக்கட்டை எடுத்துக்கொள்ளும். யாரும் அவளைப் போ என்று சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. அவள் தட்டை எடுத்துக்கொண்டு சைக்கிள் கொட்டகைப் பக்கம் போனாள். அங்கே ஒரு பழைய சைக்கிள் இருந்தது. சங்கிலி கிடையாது, சீட்டு கிடையாது. அதைத் தேடியும் யாரும் வருவதில்லை.

ஒரு வாரம் கழித்து, அம்மாவின் போனில் இளமதியோடு பேசினாள்.

"எப்பிடிடி இருக்குது உன் ஸ்கூலு?" என்று கேட்டாள் இளமதி. பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "இங்க சூப்பரா இருக்குதுடி. எங்க மாமா பொண்ணு இங்கதான படிக்குது, அதனால மொத நாளே எல்லாரும் என்னைச் சுத்திக்கிட்டாங்க. எம் பக்கத்துல காவியான்னு ஒரு பொண்ணு. நீ பாக்கணும் அவள. சிரிச்சா நிறுத்தவே மாட்டா."

"எந்தப் பக்கம் உக்காந்திருக்குது?"

"எது?"

"காவியா."

"சன்னல் பக்கம்."

ஆலங்கொல்லையில் சன்னல் பக்கம் பூர்ணிமாவின் இடம்.

"அங்க நீ ஆலங்கொல்லைன்னு சொன்னியாடி?" என்று கேட்டாள் பூர்ணிமா.

"யாரும் கேக்கலயே. ஏண்டி, சொல்லணுமா? ஏய், இருக்கியா?"

"சரியா கேக்கலடி. அப்பறம் பேசறேன்."

எல்லாம் நன்றாகத்தான் கேட்டது. அவள் போனை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆலங்கொல்லை என்று சொல்ல உலகத்தில் இனி அவள் ஒருத்திதான் பாக்கி என்று தோன்றியது. ஒருத்தி மட்டும் சொன்னால் அது ஊராகுமா, பள்ளியாகுமா?

*

அப்பா தினமும் வெள்ளையாகத்தான் வீட்டுக்கு வருவார். தலைமயிர், புருவம், காது மடல் எல்லாம் களிமண் மாவு. வாசலில் நின்று துண்டால் தட்டிக்கொள்வார். தட்டத் தட்ட உள்ளேயிருந்து கறுப்பாக அப்பா வருவார். அது பூர்ணிமாவுக்குப் பிடிக்கும். அன்றைக்கு அதையும் அவள் பார்க்கவில்லை.

"பூர்ணி, கையை நீட்டு" என்றார் அப்பா.

நீட்டினாள். உள்ளங்கையில் ஒரு குருவி.

"ஒங்க ஸ்கூல்ல குருவி பத்தலன்னு ஒங்கம்மா சொன்னா. நாளைக்கி நாளைக்கின்னு இழுக்கறாங்களாமே. எங்க கம்பெனியில கேட்டு வாங்கியாந்தேன். கலரு இன்னும் அடிக்கல. மூக்கு லேசா ஒடஞ்சிருக்குது, அதான் ஒதுக்கிப் போட்டுட்டாங்க. ஆனா கூவும்."

குருவி வெள்ளை வெளேரென்று இருந்தது. கண்கூட வரையவில்லை.

"வெள்ளை எந்த ஸ்கூலுப்பா?"

"வெள்ளைக்கு என்னாம்மா ஸ்கூலு?"

"செகப்பு ரயிலடி. நீலம் ஆத்தங்கரை. வெள்ளை எந்த ஸ்கூலும் இல்லப்பா."

அப்பா ஒன்றும் புரியாமல் நின்றார். அவர் முகத்தைப் பார்க்கப் பார்க்க, அவள் இத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததையெல்லாம் கொட்டினாள். மரத்தடி, மஞ்சள் குருவி, தொட்டி, சைக்கிள் கொட்டகை எல்லாம். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள்.

"எனக்கு டி.சி. வாங்கிட்டு வந்துடுப்பா" என்றாள் பூர்ணிமா. "நான் நல்லூருக்குப் போறேன். இளமதி ஸ்கூலுக்கு."

"நல்லூர்ல நமக்கு யாரும்மா இருக்கறாங்க?"

"இங்க யாரு இருக்கறாங்க?"

அப்பா துண்டை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார்.

"ஒனக்குக் கம்பெனியில யாராவது பேசுவாங்களாப்பா?" என்று கேட்டாள் அவள்.

"மூட்டையத் தூக்குன்னு சொல்வாங்க. எறக்குன்னு சொல்வாங்க."

"அவ்ளதானா?"

"அவ்ளதான்."

அம்மாதான் பேசினாள். "திங்கக்கிழம ஒரு அரை நாள் லீவு சொல்லிட்டுப் போயி ஹெச்செம்மப் பாருங்க. புள்ள இப்பிடி இருந்தா என்னா படிக்கும்?"

அப்பா தலையாட்டினார். தனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று பூர்ணிமா நினைத்தாள். இல்லை. நல்லூரிலும் சன்னல் பக்கத்தில் காவியா உட்கார்ந்திருப்பாள். வெள்ளைக் குருவியைப் பையின் அடியில், கண்ணில் படாத இடத்தில் போட்டாள்.

*

திங்கட்கிழமை அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு அவளோடு பள்ளிக்கு வந்தார். எவ்வளவு தேய்த்துக் குளித்தும் காதோரம் கொஞ்சம் வெள்ளை போகவில்லை.

"நீ கிளாசுக்குப் போ. நான் ஹெச்செம் ரூமுக்கிட்ட நிக்கிறேன்" என்றார்.

"நானும் இங்கியே இருக்கறேம்பா. இனிமே கிளாசு எதுக்கு?"

அப்பா தலைமையாசிரியர் அறை வாசலில் போய் நின்றார். முதல் மணி அடிக்க இன்னும் நேரம் இருந்தது. பூர்ணிமா வராந்தாத் தூணில் சாய்ந்துகொண்டாள். கடைசியாக ஒருமுறை எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்று பார்த்தாள். அப்போதுதான் புங்கமரத்தடியில் ஒரு பெண் நிற்பது தெரிந்தது.

ஒல்லியான பெண். பாவாடை சீருடைதான், சட்டை வேறு யாருடையதோ. தோளில் பெரியவர்கள் ஊருக்குக் கொண்டுபோகிற ஜிப் பை. பையின் கனத்தில் ஒரு தோள் கீழே இறங்கியிருந்தது. எங்கே போவது, யாரைக் கேட்பது என்று தெரியாமல் அதையும் இதையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த இடத்தில் நின்றால் வராந்தா எவ்வளவு தூரமாகத் தெரியும் என்று பூர்ணிமாவுக்குத் தெரியும்.

மஞ்சள் குருவிக் கூட்டம் வராந்தாப் படியில் உட்கார்ந்திருந்தது. கார்முகில் எழுந்தான்.

"ஏய், புதுசா?"

அந்தப் பெண் தலையாட்டினாள்.

"பேரு என்னா?"

"ஜெசி."

"எந்த ஸ்கூலு?"

ஜெசி யோசித்தாள். "எதைச் சொல்றது?" என்று கேட்டாள்.

"எத்தன ஸ்கூலு படிச்ச நீ?"

"ஒண்ணாவது பண்ருட்டி. ரெண்டாவது பாதி திருக்கோவிலூரு, பாதி செஞ்சி. மூணாவது..." அவள் கொஞ்சம் நிறுத்தினாள். "மூணாவது படிக்கல. எங்கப்பா சூளைக்கி வேலைக்கிப் போறவரு. எங்க சூளை இருக்குதோ அங்க போயிடுவோம். இப்ப இங்க பீங்கான் கம்பெனிக்கி வந்திருக்கறாரு."

படியில் இருந்தவர்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள்.

"அப்ப ஒனக்கு எந்தக் கலரு? எல்லாக் கலரும் குடுக்கணுமா?"

"என்னா கலரு?" என்றாள் ஜெசி.

"பாவம்டா, விடு" என்றான் ஒருத்தன். இன்னொருத்தன் கார்முகிலின் முழங்கையை இடித்தான். "அதைக் கேளுடா. அதைக் கேளு."

கார்முகில் தொண்டையைச் செருமிக்கொண்டான். முகத்தை வாத்தியார்போல் வைத்துக்கொண்டான்.

"சரி, நம்ம ஸ்கூல்லயே ஒன்னச் சேத்துக்கறோம். மேட்டுத் தெரு ஸ்கூலு. ஆனா ஒரு கேள்வி. எங்க ஸ்கூல்ல தண்ணித் தொட்டி எந்தப் பக்கம் இருக்கும், சொல்லு பாப்போம்."

ஜெசியின் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. சேர்த்துக்கொள்கிறார்களாமே. சரியாகச் சொல்லிவிட வேண்டும் என்கிற ஆசை. பூர்ணிமா அதைத் தூணருகிலிருந்து பார்த்தாள். அந்த வெளிச்சம் அடுத்து எப்படி அணையும் என்று அந்தப் பள்ளியிலேயே அவளுக்குத்தான் தெரியும்.

ஜெசி வாயைத் திறந்தாள்.

பூர்ணிமா இரண்டு கைகளையும் வாயருகே குவித்தாள். என்ன செய்கிறோம் என்று யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டாள்.

"ஆலங்கொல்லை ஸ்கூலு... வாங்க."

முற்றமே திரும்பிப் பார்த்தது. தலைமையாசிரியர் அறை வாசலில் அப்பா திரும்பிப் பார்த்தார். சாவிக்கொத்தோடு போய்க்கொண்டிருந்த குருமூர்த்தி சார் நின்றார்.

ஜெசியும் திரும்பித் தன் பின்னால் பார்த்தாள். அங்கே மரம்தான் இருந்தது.

"ஒன்னத்தான்" என்றாள் பூர்ணிமா. "கூப்பிட்டா ஓடியாரணும்."

ஜெசி ஓடி வந்தாள். பை தரையில் இழுபட்டது. பாதி வழியில் ஜிப் திறந்து ஒரு தட்டு விழுந்து உருண்டது. அதைத் துரத்திப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, வந்து நின்றாள்.

"ஏய் தண்ணித்தொட்டி" என்றான் கார்முகில். "அவ ஆலங்கொல்லைன்னு யாரு சொன்னது?"

"நான் சொல்றேன்."

"நீ யாரு?"

"நான்தான் ஆலங்கொல்லை."

"ஒங்க ஸ்கூலே இப்ப இல்லன்னாங்களே."

"இல்லதான்" என்றாள் பூர்ணிமா. "அதனாலதான் எடம் நெறைய இருக்குது. யாரு வேணா சேரலாம்."

படியில் யாரோ சிரித்தார்கள். இந்த முறை சிரிப்பு கார்முகில் பக்கம் போய் விழுந்தது. அவன் காதைச் சொறிந்துகொண்டான். விடவும் மனமில்லை.

"அப்ப ஒங்க ஸ்கூல்ல தண்ணித் தொட்டி எந்தப் பக்கம்?"

"எடது பக்கம்" என்றாள் அவள். "வேப்பமரத்துக்கிட்ட. மேல பாசி புடிச்சிருக்கும். டம்ளரச் சங்கிலி போட்டுக் கட்டியிருப்பாங்க. அன்னைக்கே சொன்னேன் இல்ல?"

அன்றைக்கு அவள் கண்ணை மூடிக்கொண்டு சொன்னது கார்முகிலுக்கு இப்போதுதான் ஞாபகம் வந்ததுபோல் இருந்தது.

"நெசமாவே இருந்துச்சா அது?" என்று கேட்டான், கொஞ்சம் தணிந்த குரலில்.

"இருந்துச்சு."

"இப்ப?"

"மண்ணுக்கு அடியில."

மணி அடித்தது. மஞ்சள் குருவிகள் மெதுவாக எழுந்து போயின.

*

குருமூர்த்தி சார் பக்கத்தில் வந்து ஜெசியிடம் கேட்டார். "வெள்ளிக்கிழம ஒங்கம்மா பாக்கியமேரிதான வந்து சேத்துட்டுப் போனாங்க? இப்ப இந்தப் பொண்ணு ஆலங்கொல்லைங்குது. ஆபீஸ்ல வேற ஊருன்னு எழுதியிருக்கே."

"அது ஆபீசுக்கு சார்" என்றாள் ஜெசி. "இது கூப்பிடறதுக்கு."

சார் ஒரு நிமிஷம் பூர்ணிமாவைப் பார்த்தார். முதல் நாள் அவளிடம் எந்த ஸ்கூலு என்று கேட்டுவிட்டு, பதிலைக் காதில் வாங்காமலே போனதை அவர் நினைத்தாரோ என்னவோ. "சரி. கூட்டிக்கிட்டுப் போயி உக்கார வைம்மா" என்றார்.

அப்பா வேகமாக வந்தார். "பூர்ணி, ஹெச்செம் கூப்பிடறாங்க. டி.சி. எதுக்குன்னு கேக்கறாங்க. வந்து ஒரு வார்த்த சொல்லு."

"வேணாம்பா."

"என்னாது வேணாம்?"

"டி.சி. வேணாம். எங்க ஸ்கூலுக்கு ஆளு வந்திருக்குது."

அப்பா ஜெசியைப் பார்த்தார். ஜெசி தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

"அதுக்கு அரை நாள் லீவு போட்டனே" என்றார் அப்பா. கோபமாகச் சொல்ல முயன்றார். வாய் ஒத்துழைக்கவில்லை.

"இப்பவே போனா கால் நாளுதாம்பா ஆவும்."

"சரி. அப்ப நான் போயிட்டு வரேன்."

அவர் கேட்டருகே போய்த் திரும்பிப் பார்த்தார். எதற்கோ தலையாட்டிக்கொண்டு போனார்.

பூர்ணிமா பைக்குள் கையை விட்டு அடிவரைக்கும் துழாவினாள். வெள்ளைக் குருவி ஒரு மூலையில், ஒரு பேனா மூடிக்குக் கீழே கிடந்தது.

"இந்தா. ஓடியாந்தா குடுக்கணும்."

ஜெசி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கண்ணே இல்லியே."

"வரஞ்சிக்கலாம்."

"மூக்கு?"

"அது வராது."

ஜெசி, பூர்ணிமா சொன்னபடி, குழாயடியில் தண்ணீர் பிடித்து வாலில் ஊதினாள். மற்றக் குருவிகள் கிளுகிளுவென்று கூவும். இது கர் கர் என்றது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சளி புடிச்சிருக்குது" என்றாள் ஜெசி.

பூர்ணிமாவுக்குச் சிரிப்பு வந்தது. இந்தப் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வந்த முதல் சிரிப்பு அது. எப்படிச் சிரிப்பது என்பதே கொஞ்சம் மறந்துபோயிருந்தது. அதனால் அதுவும் கர் கர் என்றுதான் வந்தது.

மதியம் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு சைக்கிள் கொட்டகைக்குப் போனார்கள். போகிற வழியில் கார்முகில் எதிரே வந்தான். சுருட்டி வைத்திருந்த ஒரு துண்டு நூலை நீட்டினான்.

"குருவி கட்டறதுக்கு" என்றான். "மீந்து போச்சு."

சொல்லிவிட்டு நிற்காமல் நடந்துவிட்டான்.

கொட்டகையில் நிழல் கொஞ்சம்தான் இருந்தது. மற்றக் கூட்டங்களெல்லாம் தூரத்தில் கூச்சலும் சிரிப்புமாக இருந்தன. அங்கிருந்து யாரும் இவர்களைக் கூப்பிடவில்லை. நாளைக்கும் கூப்பிடமாட்டார்கள் என்றுதான் தோன்றியது. ஜங்ஷனிலிருந்து ஒரு ரயில் ஊதிக்கொண்டு போனது. அது கம்மாபுரம் பக்கம் போகிற ரயிலா என்று பூர்ணிமா காதைத் தீட்டிக் கேட்டாள். போனால்தான் என்ன? இறங்குவதற்கு ஆலங்கொல்லை இல்லை.

ஜெசி குருவியை நூலில் கோத்து ஜிப் பையில் கட்டினாள். முடிச்சைப் பல்லால் இறுக்கினாள். பிறகு, ரொம்ப நாளாகக் கேட்க வேண்டும் என்று வைத்திருந்ததைப் போலக் கேட்டாள்.

"நம்ம ஸ்கூலு எப்பிடி இருக்கும்?"

நம்ம ஸ்கூலு. பூர்ணிமா சோற்றுக் கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள். அந்த இரண்டு வார்த்தைகளையும் வேறு ஒரு வாயிலிருந்து கேட்டு எவ்வளவு நாளாகிவிட்டது.

"சொல்லேன். யாராவது கேட்டா நான் தப்பா சொல்லிடக் கூடாதுல்ல."

பூர்ணிமா கண்ணை மூடினாள்.

"மொதல்ல கேட்டு வரும்" என்றாள். "துருப்புடிச்ச கேட்டு. கிறீச்சுன்னு கத்தும், பயந்துடாத. நல்லா தள்ளிக்கிட்டு உள்ள வா."